கொதித்ததா?

ஜூன் 4

லேப்காரிக்கு,

இனி உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். உன் அண்ணன் ஓட்டும் பஸ்தான் தினமும் உன் ஊருக்கு வந்து திரும்புகிறதே. தபால்காரர் வேலையையும் அவரே பார்க்கட்டும்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. என் வீட்டில், என் கையால் பரிமாறிய தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, தக்காளியில் இன்ன மருந்து, கீரையில் இன்ன மருந்து, திராட்சையைக் கழுவினாலும் போகாது என்று வகுப்பு எடுத்தாய். கடைசியில் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தாய். ஒரு ஆலைக்கே சமைத்துப் போடுகிறவள் நான். என் சாப்பாட்டை விஷம் என்று முதலில் சொன்னவள் நீ. இப்போது ஒரு ஆலையே சொல்கிறது.

முந்தாநாள் மதியம் எங்கள் தையல் ஆலை கேன்டீனில் ராஜ்மா போட்டேன். இந்த மாதத்திலிருந்து முட்டை கிடையாது. "அதுலயும் புரதம்தான், இதுலயும் புரதம்தான்" என்று மேனேஜர் ராஜ்மா மூட்டைகளை இறக்கிவிட்டார். சாப்பிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்த பெண்கள், டீ பெல் அடிப்பதற்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எழுந்து ஓடினார்கள். கழிப்பறை போதவில்லை. வெட்டுத்துணிக் கூடையில் வாந்தி எடுத்தார்கள். காலர் தைக்கும் ஒல்லி மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். அவளுக்கு முன்பே உடம்பில் ரத்தம் கிடையாது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"பயறுல பூச்சிமருந்து இருந்திருக்கு. வித்தவனைப் பிடிச்சு உள்ள வைக்கிறேன்" என்று மேனேஜர் குதிக்கிறார். பயறுக்காரர் சொந்தமாக விளைவித்துக் கொண்டுவந்து போடுகிறவர். அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, இந்த வருஷம் நான் மருந்தே அடிக்கலக்கா. அடிக்க எங்க காசு இருந்துச்சு?" என்று அழுதார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சோதிக்காம யாரையும் சொல்லாதீங்க சார். என் நாத்தனார் அந்த வேலைதான் பாக்குறா" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டதால் அனுப்புகிறேன். அதே மூட்டையில் மிச்சமிருந்த ராஜ்மா. பார்த்துச் சொல்.

உன் அண்ணனின் மனைவி


ஜூன் 6

அண்ணிக்கு,

வகுப்பு எடுத்தது உண்மை. நான் தக்காளியைத்தான் சொன்னேன், உங்கள் கையைச் சொல்லவில்லை. அது உங்களுக்குப் புரியவில்லை என்றால் நான் என்ன செய்ய? விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜ்மா வந்து சேர்ந்தது. அண்ணன் எங்கள் கேட்டில் நின்று, "விஷம் கொண்டுவந்திருக்கேன், பத்திரமா வாங்கி வைங்க" என்று செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் போலீஸைக் கூப்பிடாமல் இருந்ததே பெரிது.

பயறை அரைத்து, சாறெடுத்து, கருவியில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். மருந்தை மட்டும் தேடினால் போதாது. செடி தன்மேல் விழுந்த மருந்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்காது, உடைத்து வேறொன்றாக மாற்றும். நம் கல்லீரலும் அந்த வேலையைத்தான் பார்க்கிறது. பெரும்பாலும் மாறியது சாதுவாக இருக்கும். சில மருந்துகளில் மாறியதுதான் அசலைவிடப் பொல்லாதது. அதனால் அசலையும் தேடுகிறேன், மாறுவேஷத்தையும் தேடுகிறேன். இருந்தால் என் கண்ணில் படாமல் போகாது.

இந்தக் கருவியை எதற்காக வாங்கினார்கள் தெரியுமா? கப்பலேறும் திராட்சைக்காக. அங்கே யாரோ ஒரு குழந்தை வாயில் போடப்போகும் பழத்தை ராத்திரி பகலாகச் சோதிக்கிறோம். நல்லதுதான், அந்தக் குழந்தையும் குழந்தைதான். ஆனால் உங்கள் தையல் லைன் பெண்களின் தட்டுக்காக இதை ஒருவரும் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. எங்கள் லேப் தலைவர் "பார்ட்டி யாரு?" என்றார். "எங்க அண்ணி சார்" என்றேன். "அண்ணிக்கெல்லாம் நம்ம ரேட் கார்டுல இடம் இல்லம்மா. வேலை முடிஞ்சப்புறம் ஓட்டிக்கோ" என்றார்.

நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியவை: வாந்தி எடுத்தவர்களின் கண்ணின் கருமணி கடுகுபோலச் சுருங்கியிருந்ததா? வாயில் எச்சில் ஒழுகியதா, கை நடுங்கியதா? பூச்சிமருந்து என்றால் அப்படித்தான் வரும். நீங்கள் அதைச் சாப்பிட்டீர்களா? இன்னொன்று, கோபப்படாமல் பதில் எழுதுங்கள். ராஜ்மா சரியாக வேகாவிட்டால் அதுவே வயிற்றைப் புரட்டும். நன்றாக வெந்ததா?

லேப்காரி


ஜூன் 8

லேப்காரிக்கு,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வராது என்று உங்கள் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களா?

வெந்தது. மசிய வெந்தது. விரலில் வைத்து அழுத்தினால் வெண்ணெய். முந்தின நாள் சாயங்காலம் அண்டாவில் போட்டு, காலையில் திறந்தேன். தோல்கூடத் தெரியாமல் கரைந்திருந்தது. அரைவேக்காட்டை ஆள்களுக்குப் போடும் கை இல்லை இது. இனி இந்தக் கேள்வியைக் கேட்காதே.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். பக்கத்தில் இருந்த பெண்களை விசாரித்தேன். கண் சுருங்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை, கை நடுங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியும் பேதியும்தான். பெரும்பாலானவர்கள் மறுநாள் எழுந்துவிட்டார்கள். எழுந்ததும் வேலைக்கு வந்தார்கள், வந்ததும் ஒரு சேதி காத்திருந்தது: வாந்தி எடுத்த நேரத்தை விடுப்பில் கழித்துவிட்டார்களாம். ஒல்லி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். அவள் அம்மா என் கையிலிருந்த பழத்தை வாங்கி, எனக்கு முன்னாலேயே மாட்டுக்குப் போட்டாள்.

நான் சாப்பிட்டேனா என்றால், ஆக்குகிறவளுக்குக் கடைசியில்தான் தட்டு. அன்றைக்கு எனக்கு மிஞ்சவில்லை. ருசி பார்த்த கரண்டிக்கே எனக்கும் புரட்டியது. பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

மருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பயறுக்காரர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவும் மனம் வரவில்லை. சீக்கிரம் சொல்.

அண்ணி


ஜூன் 12

அண்ணி,

முடிந்தது. எங்கள் பட்டியலில் இருக்கும் அத்தனை மருந்துகளையும் தேடினேன். ஒன்றுமில்லை. மாறுவேஷங்களையும் தேடினேன். அதுவும் இல்லை. சந்தேகம் தீரட்டும் என்று புதுச் சாறெடுத்து மறுபடியும் ஓட்டினேன். பயறுக்காரர் சொன்னது அப்பட்டமான உண்மை. அவரிடம் மருந்துக்குக் காசு இல்லை, பயறில் மருந்தும் இல்லை.

முடிவைத் தாளில் அடித்து, என் கையெழுத்தும் முத்திரையும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் மேனேஜருக்கு அட்டவணையெல்லாம் படிக்கப் பொறுமை இருக்காது என்று அடியில் கொட்டை எழுத்தில் ‘சுத்தம்’ என்று நானே எழுதியிருக்கிறேன். அதை அவர் மேஜையில் வையுங்கள். ஏழை விளைவித்தது என்றாலே விஷம் என்று கத்தும் வாய் மூடட்டும்.

லேப்காரி


ஜூன் 17

தாயே, மூடிவிட்டது. என் சமையலறையை.

உன் தாளை மேனேஜர் மேஜையில் நான்தான் வைத்தேன். பயறுக்காரர் தப்பித்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஈரம்கூடக் காயவில்லை, என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் உன் எழுத்தை எல்லோர் முன்னாலும் படித்தார்.

"சுத்தம்னு எழுதியிருக்கு. படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் சார்."

"பயறு சுத்தம். தண்ணி சுத்தம், அதையும் பாத்தாச்சு. அண்டா புதுசு. அப்ப அசுத்தம் எது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பர்சனல் ஆபீசர் தலையை ஆட்டுகிறார். "இத்தனை பேரு விழுந்தாங்க. நீங்க மட்டும் எப்படிம்மா நிக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோதுதான் புரிந்தது. பின்பக்கம் வாந்தி எடுத்ததை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி விசாரணை. தொழிலாளர் ஆய்வாளரும் வருகிறார். தப்பு என்மேல் என்று எழுதிவிட்டால் வேலை போகும், கேஸும் போடுவார்களாம். அதற்குப் பின் எந்தச் சமையலறையில் என்னை நுழைய விடுவார்கள்? உன் தாளைக் கேன்டீன் சுவரில், கை கழுவும் இடத்துக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். பெண்கள் கை கழுவும்போது அதைப் படிக்கிறார்கள், பிறகு என் இடத்தைப் பார்க்கிறார்கள்.

என் வீட்டில் வைத்து என் சாப்பாட்டை விஷம் என்றாய். இப்போது முத்திரை போட்டே சொல்லிவிட்டாய். சந்தோஷமா?


ஜூன் 19

அண்ணி,

ஒரே கேள்வி. வெந்ததா என்று கேட்கவில்லை. கொதித்ததா?


ஜூன் 20

உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! வீட்டில் முடங்கிக் கிடப்பவளுக்கு ஒரு ஆறுதல் வரி இல்லை. கொதித்ததா, வெந்ததா என்று எனக்குச் சமையல் பரீட்சை வைக்கிறாய்.

கொதிக்கவில்லை. போதுமா? அந்த அண்டாவில் எதுவும் கொதிக்காது. மூன்று மாதத்துக்கு முன்னால் கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். கரண்டில் ஓடும். பழைய அடுப்பில் பெரிய அண்டா ஏறினால் மூடி தடதடவென்று ஆடும், ஆவி கூரையைத் தொடும். நான் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும். இது சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு குமிழி வராது. பச்சை விளக்கு எரிந்தால் "தயார்". சூட்டைக் கூட்டும் திருகு ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டிபோட்டுப் பூட்டி, சாவியைக் கணக்குப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். கரண்ட் மிச்சமாகிறதாம். மாட்டிவிட்டுப் போன மெஷின்காரன், "மெதுவா வேகும்க்கா, ஆனா பூ மாதிரி வேகும். ஊறவைக்கக்கூட வேணாம்" என்றான். பொய் சொல்லவில்லை. பூ மாதிரிதான் வெந்தது.

அந்தச் சமையலறையில் கொதிக்கிறது நான் ஒருத்திதான்.

எதற்குக் கேட்கிறாய் என்று உடனே எழுது. நான் ராத்திரி தூங்குவதில்லை.


ஜூன் 24

அண்ணி,

தூங்குங்கள். கண்டுபிடித்தாகிவிட்டது.

பதினெட்டாம் தேதி அண்ணன் என் அறைக்கு வந்து சாப்பிட்டார். நான் அடுப்பில் வைத்த குக்கர் கத்தியதும் அவருக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "உங்கண்ணி பாவம்டி. முன்னாடி அடுப்புகிட்ட நின்னு அண்டாவோட சண்டை போடுவா. இப்ப அது வாயே தொறக்காதாம். சண்டை போட ஆள் இல்லாம வீட்டுக்கு வந்து என்கிட்ட போடுறா" என்றார். எனக்குக் கையில் சோறு நின்றுவிட்டது. நான் வெந்ததா என்று கேட்டேன், நீங்கள் வெந்தது என்றீர்கள். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். நான் அதில் நெருப்பையும் குமிழியையும் பார்த்தேன், நீங்கள் விரலில் நசுங்கிய பயறைச் சொன்னீர்கள்.

ராஜ்மாவில் விஷம் உண்டு. யாரும் தெளித்ததில்லை, செடி தானே செய்துவைத்துக்கொள்வது. தன் விதையைத் தின்ன வருகிறவனை விரட்ட அதற்கு வேறு வழி என்ன இருக்கிறது? கையா, காலா? லெக்டின் என்று பெயர், ஒரு வகைப் புரதம். பூச்சிமருந்தைக் கல்லீரல் உடைக்கப் பார்க்கும். இது கல்லீரல்வரை போகவே வேண்டாம். வயிற்றால் இதைச் செரிக்க முடிவதில்லை, குடல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, உள்ளே வந்த எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவைக்கும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவைத்தால் செத்துப்போகும். கொதிக்காமல் மணிக்கணக்கில் வெதவெதவென்று கிடந்தால் பயறு மசியும், விஷம் மசியாது. சில நேரம் பச்சையைவிட மோசமாகும். நீங்கள் பழைய அடுப்பில் எந்தப் பயறு போட்டாலும் அதைக் கொன்றுகொண்டுதான் இருந்தீர்கள். பூட்டுப் போட்டவர்கள்தான் உயிர் கொடுத்தார்கள்.

இதை வாயால் சொன்னால் போதாது என்றுதான் உங்கள் கேன்டீன் ஆள் வெங்காயத்துக்குப் போன் செய்தேன். (அந்த அக்காவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் எப்போதும் ‘நம்ம வெங்காயம்’ என்றுதான் சொல்கிறீர்கள்.) தினமும் சமைத்ததில் ஒரு டப்பா ஃப்ரீஸரில் எடுத்துவைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்றார். அன்றைய டப்பா அப்படியே இருந்தது, யாரும் கேட்கவில்லை. அதைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டார். அதே மூட்டைப் பயறை அவரே வீட்டில் ஊறவைத்து, தண்ணீர் கொட்டி, கொதிக்கவைத்து இன்னொரு டப்பாவும் கொடுத்தார். அண்ணன் ஐஸ் பெட்டியில் இரண்டையும் கொண்டுவந்தார். வழியில் பசித்ததாம், திறந்து பார்த்தாராம். "வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. எந்த டப்பா நல்ல டப்பான்னு தெரியாததால விட்டுட்டேன்" என்கிறார். உங்கள் தாலிக்குக் கெட்டி ஆயுசு.

சோதனை எளிது. லெக்டின் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். என் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, கழுவி, தட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் விட்டேன். ஒரு வரிசையில் வெங்காயத்தின் வீட்டுப் பயறுச் சாறு, ஒரு வரிசையில் கேன்டீன் சாறு. காத்திருந்தேன். வீட்டுச் சாறு விட்ட குழிகளில் ரத்தம் அடியில் போய்ச் சின்னப் பொட்டாக உட்கார்ந்தது. ஒட்டாத ரத்தம் அப்படித்தான் உட்காரும். கேன்டீன் குழிகளில் பொட்டு இல்லை. குழி முழுவதும் ஜமுக்காளம் விரித்த மாதிரி படர்ந்து நின்றது. சாற்றைத் தண்ணீர் விட்டு நீர்க்க நீர்க்க விட்டுப் பார்த்தேன். அப்போதும் ஜமுக்காளம்.

லேப் தலைவரிடம் காட்டினேன். "இது நம்ம லிஸ்ட்லயே இல்லையேம்மா. லிஸ்ட்ல இல்லாததை ஏன் தேடுற?" என்றார். "லிஸ்ட்ல இருந்ததைத் தேடித்தான் சார் எங்க அண்ணி வேலை போச்சு" என்றேன். கையெழுத்துப் போட மாட்டாராம். நான் போட்டுவிட்டேன். என்மேல் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் எடுக்கட்டும். குழியில் இருப்பது இருக்கிறது, அவர் கையெழுத்தை வைத்து அது படரவில்லை.

முந்தைய தாளில் ‘சுத்தம்’ என்று எழுதினேன். நான் தேடிய மருந்துகள் இல்லை என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். அதற்காக உட்கார்ந்து அழப்போவதில்லை, அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புதுத் தாள் இதோடு இருக்கிறது. படங்களும் இருக்கின்றன. இருபத்தெட்டாம் தேதி நிமிர்ந்து போங்கள். பூட்டைப் பற்றிக் கேளுங்கள். சாவி எங்கே என்று கேளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 29

நாத்தனாருக்கு,

முழுதாகச் சொல்கிறேன், நடுவில் ‘அப்புறம், அப்புறம்’ என்று கேட்காமல் படி.

விசாரணை கேன்டீனிலேயே நடந்தது. மேனேஜர், பர்சனல் ஆபீசர், தொழிலாளர் ஆய்வாளர். ஆய்வாளர் ஒரு அம்மா. ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு, "டீ கீ எல்லாம் வேணாம், ஆரம்பிங்க" என்றார். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

உன் புதுத் தாளை நீட்டினேன். மேனேஜர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மேடம், இதுல தலைவர் கையெழுத்தே இல்ல. கையெழுத்துப் போட்டிருக்கறது இந்தம்மாவோட நாத்தனார். சொந்தக்காரங்க குடுக்கற பேப்பரை எப்படி எடுத்துக்கறது?"

"அப்படிங்களா சார்?" என்றேன். "கை கழுவற இடத்துல ஒட்டியிருக்கீங்களே, அது யாரு குடுத்த பேப்பரு? அதே நாத்தனார்தான். அது எனக்கு எதிரா இருந்தப்போ அவ சொந்தக்காரி இல்லையா?"

ஆய்வாளர் எழுந்து போய்ச் சுவரில் இருந்ததைப் படித்தார். இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு ஆடியது. ஆனாலும் உன் ரத்தம், குழி, ஜமுக்காளம் எல்லாம் அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. "நான் சயின்ஸ் படிச்சவ இல்லம்மா. அண்டாவுல சூடு பத்தலைன்னு சொல்றீங்க. இவங்க தயார் விளக்கு எரிஞ்சுதுன்னு சொல்றாங்க. நான் எதை எழுத?" என்றார்.

உன் தாளில் இல்லாத ஒன்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"மேடம், எனக்குக் கொஞ்சம் பால் வேணும்."

"எதுக்கும்மா?"

"அண்டாவுல ஊத்தறேன். பச்சை விளக்கு எரியட்டும். பால் பொங்கிச்சுன்னா தப்பு என்னுதுதான், நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

மேனேஜர், "இது என்ன சர்க்கஸா?" என்றார். ஆய்வாளர், "பால் ஊத்துங்க" என்றார்.

வெங்காயம் ஓடிப்போய் டீக்கு வைத்திருந்த பாலை மொத்தமாகக் கொண்டுவந்தாள். ஊற்றினோம். பட்டனைத் தட்டினேன். எல்லோரும் அண்டாவைச் சுற்றி நின்றோம். அவ்வளவு மௌனத்தில் நான் சமைத்ததே இல்லை. டீ பெல் அடித்தது. லைன் பெண்கள் வந்தார்கள், விஷயம் தெரிந்ததும் ஒருத்தியும் நகரவில்லை. ஜன்னலெல்லாம் முகம். ஒல்லியும் நின்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பாலில் ஆடை படிந்தது. அவ்வளவுதான்.

"கொஞ்சம் பொறுங்க, இப்பதான் விளக்கு எரிஞ்சிருக்கு" என்றார் மேனேஜர். பொறுத்தோம். ஆடை தடித்தது. ஜன்னலில் இருந்து ஒருத்தி, "சார், தயிரு வேணும்னா ஆகும் சார், பொங்காது" என்றாள். சிரிப்பு வெடித்தது. அந்த ஆலைக்குள் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "பூட்டுக்குச் சாவி எங்க?" என்றார். "அது அக்கவுண்ட்ஸ்ல..." என்று பர்சனல் ஆபீசர் இழுத்தார். "சமையலறைச் சாவி அக்கவுண்ட்ஸ்ல என்ன பண்ணுது? கொண்டாங்க."

சாவி வந்தது. பெட்டியைத் திறந்து திருகைக் கடைசிவரை திருப்பினேன். மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம். கொஞ்ச நேரத்தில் அண்டா உறுமத் தொடங்கியது. அடியிலிருந்து குமிழி வந்தது. பாதி சாத்தியிருந்த மூடி ஆடியது. எனக்குத் தெரிந்தவரின் குரலை ரொம்ப நாள் கழித்துக் கேட்டதுபோல இருந்தது. நான் நகர்ந்துகொண்டேன், மேனேஜருக்கு நகரத் தெரியவில்லை. பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, அவருடைய ஷூவில் இறங்கியது. அவர் குதித்த குதியை உன் அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு இந்தத் திருகைத் திருப்ப இந்தம்மாவால முடிஞ்சிருக்குமா?" என்று ஆய்வாளர் கேட்டார். பதிலையும் அவரே எழுதிக்கொண்டார்.

சஸ்பெண்டை ரத்து செய்துவிட்டார்கள். நாளையிலிருந்து வேலை. பூட்டுப்போட உத்தரவு போட்டவர் யார் என்று கேட்டு ஆலைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. மேனேஜர், ‘மேலிடம்’ என்கிறார். மேலிடம் யார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். விடுப்பில் கழித்ததை இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்குப் பெண்கள் காலையில் வேறு ஒரு காரியம் செய்தார்கள். பெல் அடித்ததும் எல்லோரும் போய் மெஷினில் உட்கார்ந்தார்கள், ஒருத்தியும் மிதிக்கவில்லை. சத்தமே இல்லை. பர்சனல் ஆபீசர் வந்து கேட்டதற்கு, ஒல்லி எழுந்து, "தயார் விளக்கு இன்னும் எரியல சார்" என்றாளாம். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒல்லியின் அம்மா நேற்று வீட்டுக்கு வந்து, ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டுப் போனாள். மாட்டுக்குப் போடாமல் நானே தின்றேன்.

பயறுக்காரர் ஒரு மூட்டையோடு வந்தார். ராஜ்மாவைப் பார்த்ததும் உன் அண்ணன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்.

சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. கணக்குப் பிரிவு கேட்டது. தரவில்லை.

உன்மேல் நடவடிக்கை என்று எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. சமைத்துப் போடுகிறேன். தக்காளி இருக்கும், கீரை இருக்கும், திராட்சையும் இருக்கும். வகுப்பு எடுக்காமல் தின்ன வேண்டும். தட்டில் வைத்த பிறகு கொதித்ததா என்று கேட்டாயானால் கரண்டியாலேயே போடுவேன்.

அண்ணி


ஜூலை 1

அண்ணி,

உங்கள் கடிதத்தை லேப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பால் ஷூவில் இறங்கிய இடத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னது யார் தெரியுமா? எங்கள் தலைவர்தான். சிரித்து முடித்துவிட்டு எனக்கு மெமோ கொடுத்தார். லிஸ்டில் இல்லாததை அனுமதியில்லாமல் சோதித்தேனாம். பதில் எழுதிவிட்டேன்: லிஸ்டை மாற்றுங்கள், அதுவரை இப்படித்தான் சோதிப்பேன் என்று. வேலை போகாது என்று நினைக்கிறேன். இந்த லேப்பில் அந்தக் கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அது அவருக்கும் தெரியும்.

பால் எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த தடவை சேர்ந்தே யோசிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதல் பஸ்ஸிலேயே. தக்காளியையும் கீரையையும் திராட்சையையும் தின்கிறேன். ஆனால் கொதித்ததா என்று கேட்பேன். அதைக் கேட்காமல் விட்டு நாம் பட்டது போதும். கரண்டியால் ஒன்று போட்டுவிட்டு, அதே கரண்டியால் பரிமாறுங்கள்.

உங்கள் நாத்தனார்